போகும்போது இரண்டரை, வரும்போது ஏழரை

கொழும்பிலிருந்து ரியாத்துக்கு எவ்வளவு தூரம்? பாடசாலையில் யாரும் என்னிடம் கேட்காத இந்தக் கேள்வியை அம்மா கேட்டாள். தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல், எங்கள் ஒற்றையறைக் காம்பரா வாசலில் நின்றபடி கேட்டாள். என் கையில் அக்காவின் விமான டிக்கெட் இருந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் அன்று காலைதான் அதைக் கொடுத்தனுப்பியிருந்தார். பாஸ்போர்ட் வந்தாகிவிட்டது. மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது. பயணத்துக்கு இன்னும் ஆறு நாள். அம்மா மட்டும் சரி என்று சொல்லவில்லை.

"தூரத்தச் சொல்லு. அப்பறம் போறதா இருக்கிறதான்னு பாப்பம்," என்றாள்.

அக்கா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குப் போக வேண்டும். ஐந்தாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டு என்னைப் படிக்க வைத்த வீடு அது. அவள் தோட்டத்தில் பேர் பதிந்து மலைக்கு வேலைக்குப் போன வருடம்தான் நான் மாத்தளை டவுனில் இருந்த பெரிய பாடசாலைக்குப் போனேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் தோட்டம் டவுனுக்கு மேலே, பஸ் வந்து திரும்பும் இடத்திலிருந்தும் அரை மணி நேரம் நடக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அங்கே படித்தவன் என்றால் நான். தந்தி வந்தாலும், கச்சேரியிலிருந்து அரசாங்கக் கடிதம் வந்தாலும், மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். நான் வாசித்துச் சொன்னால் அதுதான் முடிவு. இவன் தப்பாகவும் வாசிக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

வரிசையாகக் கட்டிய லய வீடுகளில் இருந்த ஆட்களுக்குத் தூரம் என்றால் நேரம். டவுனுக்கு ஒரு மணி நேரம். கண்டிக்கு இரண்டரை. கொழும்புக்கு ஐந்து, வழியில் செக் பொயிண்டில் இறக்கி ஏற்றினால் ஏழு. இந்தியா இரண்டு நாள். அந்த இரண்டு நாள் கணக்கு அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர்கள். மாத்தளையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனார்கள். மூன்று கடிதம் வந்தது. அதன்பிறகு ஒன்றுமில்லை. இரண்டு நாள் தூரம் போனவர்கள் திரும்புவதில்லை என்பது அம்மாவின் மனதில் பதிந்துபோயிருந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அப்பா நிழல் மரங்களில் ஏறிக் கிளை வெட்டும் கூட்டத்தில் இருந்தவர். அந்தக் கூட்டத்து ஆட்களின் வீட்டுப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆள் மரத்தில் இருக்கும்போது அவர்கள் உட்கார மாட்டார்கள். நடக்கலாம், வேலை செய்யலாம். அவன் கால் தரையில் படும்வரை உட்காரக் கூடாது. கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அது பெரிய கஷ்டமில்லை, எப்படியும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். அப்பா விழுந்து இறந்த அன்று அம்மாவின் காலில் அட்டை ஏறியிருந்தது. அதைப் பிடுங்கிச் சுண்ணாம்பு தடவ ஒரு கல்லில் உட்கார்ந்தாள். எழுவதற்குள் கீழ்மலையிலிருந்து கூச்சல் கேட்டது.

மழையில் நனைந்த கிளையில் கால் வைத்தார் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அம்மா அதை ஏற்கவேயில்லை. "நான் ஒக்காந்தேன்," என்பாள்.

ஆகவே அந்தக் கேள்விக்கு நான் மிகவும் பொறுப்பாகத்தான் பதில் தேடினேன். எட்டாம் வகுப்பில் எனக்குப் பரிசாகக் கிடைத்த அட்லஸ் ஒன்று இருந்தது. தையல் நூலின் ஒரு நுனியைக் கொழும்பிலும் மறு நுனியை ரியாத்திலும் வைத்து, இழுத்துப் பிடித்து, அடிமட்டத்தில் அளந்தேன். நாலாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

"நாலாயிரம்மா."

"அது கெடக்கட்டும். எத்தன நாளு?"

டிக்கெட்டைப் பார்த்தேன். கொழும்பு, புறப்படும் நேரம் 14.10. ரியாத், சேரும் நேரம் 16.40. கழித்தேன்.

"ரெண்டர மணி நேரம்."

"நாளா, மணியா?"

"மணிம்மா. மத்தியானம் ரெண்டு பத்துக்கு ஏறுனா நாலு நாப்பதுக்கு எறங்கிருவா."

"கொழும்புக்கே அஞ்சு மணி நேரமாகுதேடா!"

"அது பஸ்சு. இது பிளேனு."

அம்மா அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இன்னும் நம்பவில்லை என்று தெரிந்தது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. கொப்பியை எடுத்து அவள் கண் முன்னால் நாலாயிரத்தை இரண்டரையால் வகுத்தேன். மணிக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர். எனக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது. ஆனால் வகுத்தல் சரி. விடை சரியென்றால் உலகமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்த வயது. "சத்தம்கூட மணிக்கு ஆயிரத்து இருநூறுதான் போகும். பிளேன் அத விட வேகம்," என்றேன்.

அக்கா பிடித்துக்கொண்டாள். "சத்தத்த விடவா? அப்ப நான் ஏறுறப்ப அழுதா, அந்தச் சத்தம் எனக்குப் பின்னாடிதான் வந்து சேருமா?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு. அழுது போட்டுட்டு ஓடிருவேன். எனக்கே கேக்காது."

அம்மா சிரித்துவிட்டாள். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் சம்மதம். அதை வாங்கிக் கொடுத்தவன் நான்.

ஏஜென்சி வேன் டவுனில் அக்காவை ஏற்றிக்கொண்டது. விமான நிலையம்வரை கூடப் போக எனக்கு ஆசை. அம்மா விடவில்லை. போரும் கிளர்ச்சியும் நடந்த, பையன்கள் ரோட்டில் நிற்கவே பயந்த காலம் அது. தமிழன் என்று ஒரு பக்கம் சந்தேகம், இளவயதுக்காரன் என்று இன்னொரு பக்கம் சந்தேகம். ஆற்றோரத்தில் எந்த உடலைக் கண்டாலும் காணாதவர்கள்போல நடக்கப் பழகியிருந்தோம். அக்கா வேன் ஜன்னலால் கையை நீட்டி என் தலையில் தட்டி, "ரெண்டர மணி நேரந்தானேடா, மூஞ்சப் பாரு!" என்றாள்.

அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. ரேடியோவில் இரண்டு மணிச் செய்தி முடிந்ததும் எழுந்து நின்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. காம்பராவுக்குள் நடந்தாள், வாசலுக்கு வந்தாள், முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "என்னா பெரியம்மா, வேல பிரிக்கிற பெரட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்று கேலி பண்ணினாள். அம்மா மரத்தை விடவில்லை. நாலு நாற்பதுக்கு என் பக்கம் திரும்பினாள்.

"எறங்கிட்டாளாடா?"

"எறங்கிட்டாம்மா."

சந்தேகமே இல்லாமல் சொன்னேன். அம்மா மாரியம்மன் படத்துக்குச் சூடம் கொளுத்தினாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து காலை நீட்டினாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். "சரியா நின்னுட்டேன். அவளுக்கு ஒண்ணும் வராது," என்று சொல்லிக்கொண்டே குடித்தாள்.

கொழும்பை விட சவூதி கிட்ட என்பது எங்கள் தோட்டத்தில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. டவுன் பஸ் தாமதமானால், "இந்நேரம் சவூதியில எறங்கியிருக்கலாம்," என்பார்கள். மேல் லயத்துப் பிள்ளை ஒருத்தியும் அந்தப் பேச்சை நம்பி அதே வருடம் போனாள்.

அக்காவின் முதல் கடிதம் ஒரு மாதத்தில் வந்தது. மறந்துபோய் நான் மறுபடி சொல்லிக் கொடுத்த எழுத்துகள், கொம்பும் காலும் இடம் மாறி மாறி. அதில் ஒரு வரி இருந்தது: "தம்பி, பிளேனில் ரொம்ப நேரம் போன மாதிரி இருந்திச்சு, பயத்தில அப்படித் தோணிச்சோ தெரியல." அம்மாவுக்கு உரக்க வாசித்தேன். "மொதத் தடவ இல்லியா, பயத்துல அப்பிடித்தான் இருக்கும்," என்றாள் அம்மா. நானும் ஆமாம் என்றேன். ஒவ்வொரு மாதமும் ஒரு கடிதம் வந்தது. எட்டாவது கடிதத்துக்குப் பிறகு வரவில்லை.

இரண்டு மாதம் பொறுத்துவிட்டு ஏஜென்சியைத் தேடிப் போனேன். கதவு சாத்தியிருந்தது, போர்டைக் கழற்றியிருந்தார்கள். பிறகு டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒருவரிடம் போனேன். சவூதியில் ஆறு வருடம் லொறி ஓட்டிவிட்டு வந்த முஸ்லிம் மனிதர். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா வேலை செய்த வீட்டின் டெலிபோன் நம்பர் முதல் கடிதத்தில் இருந்தது. அந்த நம்பருக்குப் பேசிக் கேட்க முடியுமா என்று கேட்டேன்.

"பேசலாம் மகன். ஆனா இப்ப வாணாம். அங்க இப்ப காலம ஏழு மணி. ஊட்டுக்காரங்க எழும்பியிருக்க மாட்டாங்க."

கடைச் சுவரில் மணிக்கூடு ஒன்பதரை காட்டியது. "இங்க ஒம்பதர, அங்க ஏழா நானா?"

"ஓ. ரெண்டர மணித்தியாலம் பின்னுக்கு. படிச்ச புள்ள, இது தெரியாதா?"

"அப்ப பிளேன்ல... ரெண்டர மணி நேரந்தானே?"

அவர் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "யாரு சென்ன? அஞ்சு மணித்தியாலம் மகன்! காலு மரத்துப் போகும். டிக்கட்ல எறங்குற நேரம்னு போட்டீக்கிறது அந்த ஊருட நேரம். அத இங்கத்த நேரத்தோட கழிச்சீங்களா? யா அல்லா, இந்தக் கதைய வேற யாருகிட்டயும் செல்லிராதீங்க!"

நெடுங்கோட்டில் பதினைந்து பாகைக்கு ஒரு மணி நேரம் என்று பரீட்சையில் எழுதி முழுப் புள்ளியும் வாங்கியவன் நான். அது வரைபடத்துக்கான விஷயமாக என் தலையில் இருந்தது. அக்கா ஏறிப் போகும் விமானத்தோடு அதைச் சேர்த்து நினைக்கத் தெரியவில்லை. டெலிபோனை ஒருவரும் எடுக்கவில்லை. அன்றும் எடுக்கவில்லை, பிறகு நானா எனக்காக முயன்ற நாட்களிலும் எடுக்கவில்லை.

பஸ் இறங்கி நடந்து வரும்போது மறுபடி மறுபடி ஒரே கணக்கைப் போட்டேன். ஏறியது இரண்டு பத்து. இறங்கியது நம் நேரத்துக்கு ஏழு பத்து. அம்மா உட்கார்ந்தது நாலு நாற்பது. அம்மா சூடம் கொளுத்தி, காலை நீட்டி, தேத்தண்ணி குடித்து, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிச் சிரித்த அந்த நேரமெல்லாம் அக்கா கடலுக்கு மேலே இருந்தாள். பாதி வழியில் இருந்தாள். அவளுடைய கால் தரையில் படவில்லை.

எனக்கு அந்தப் பழக்கத்தில் நம்பிக்கை இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். படித்தவன் அல்லவா. ஆனால் மேட்டில் ஏறும்போது, மூச்சு வாங்க எப்போதும் உட்காரும் கல்லில் அன்று நான் உட்காரவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. கடிதம் வராத ஒவ்வொரு நாளும் அம்மா பிடித்துக்கொண்டிருந்தது ஒன்றைத்தான்: "நாந்தான் சரியா நின்னேனே." பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சொல்வாள். சோறு போடும்போது சொல்வாள். யாராவது அக்காவைப் பற்றிக் கேட்டால், என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவாள். "இவங்கிட்டக் கேளுங்க, ரெண்டர மணி நேரம் ஒக்காரவே இல்ல." நான் தலையாட்டுவேன். அதை எடுத்துவிட்டால் அவளிடம் வேறு என்ன இருக்கும்? அப்பாவுக்கு ஒரு தடவை உட்கார்ந்தவள். இரண்டாவது தடவையும் உட்கார்ந்தாய் என்று நான் எப்படிச் சொல்வது? அதுவும், உட்கார வைத்தவன் நான்.

எட்டாவது கடிதம் வந்து பதினோரு மாதம் கழித்து நாலு வரியில் ஒரு கடிதம் வந்தது. வருகிறேன். இந்தத் தேதி. காலை ஒன்பது மணிக்கு இங்கே ஏறி நாலரைக்குக் கொழும்பில் இறங்குவேன். யாரும் வர வேண்டாம், கூட வருகிறவர்களோடு வந்துவிடுவேன். கொம்பும் காலும் இந்த முறை சரியாக இருந்தன. ஆனால் எழுத்து மிகவும் சிறியதாக, ஒளித்துவைத்து எழுதியதுபோல இருந்தது.

அம்மா அழுதாள், சிரித்தாள், கடிதத்தைப் படத்தின் முன்னால் வைத்தாள். பிறகு விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள். நான் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தது அதைத்தான்.

"ஒம்பதுல இருந்து நாலர... ஏழர. ஏழரையாடா? போறப்ப ரெண்டர, வர்றப்ப ஏழரையா?"

அந்த ஏழரை என்ற சொல்லே அவளுக்குப் பிடிக்கவில்லை, சனி பிடித்த மாதிரி முகத்தைச் சுளித்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் எனக்குக் கிடைத்திருக்காது. அக்கா உயிரோடு இருக்கிறாள், வரப்போகிறாள். சொல்லியிருக்கலாம்.

"எதிர்க்காத்தும்மா," என்றேன். "வர்றப்ப காத்து எதுக்கும். மெதுவாத்தான் வரும்."

"அப்பிடியா," என்றாள். நான் சொன்னால் முடிவுதானே.

அந்த நாள் காலை ஒன்பது மணிக்கு அம்மா எழுந்து நின்றாள். அக்கா அப்போது விமானத்தில் ஏறவேயில்லை என்று எனக்குத் தெரியும். அங்கே ஒன்பது என்றால் இங்கே பதினொன்றரை. அம்மாவின் கால்களில் நரம்பு சுருண்டு தடித்திருந்த வருடம் அது. பதினொன்றரை வரையாவது உட்காரச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். மத்தியானம் நின்றபடியே இரண்டு வாய் சோறு சாப்பிட்டாள். மூன்று மணிக்கு மேல் முருங்கை மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். "நீ ஒக்காருடா, ஒனக்கென்னா?" என்றாள். நாலரைக்கு அவளைத் தாங்கித்தான் உள்ளே கூட்டி வந்தேன்.

அக்கா அடுத்த நாள் காலை வந்தாள். மெலிந்திருந்தாள், வேறு காயம் எதுவும் வெளியில் தெரியவில்லை. அந்த வீட்டுக் கதவு வெளியால் பூட்டியிருக்கும் என்றும், எழுதிய கடிதங்களை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றும் சொன்னாள். அதற்கு மேல் கேட்டால் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். கையில் கறுப்பு வார் போட்ட மணிக்கூடு ஒன்று கட்டியிருந்தாள். அதை இங்குள்ள நேரத்துக்கு மாற்றவேயில்லை. நான் கேட்டு வாங்கி முள்ளைத் திருப்பி வைத்தேன். அன்று மாலையே பழையபடி பின்னுக்கு வைத்துவிட்டாள். நடுப்பகலில் திடீரென்று எழுந்து, "புள்ளைகளுக்குச் சாப்பாடு," என்பாள். கதவு திறந்தே கிடந்தாலும் வாசலுக்கு உள்ளேயே நிற்பாள். யாராவது வா என்று சொன்னால்தான் வெளியே கால் வைப்பாள். சிரிக்க வைக்க நானும் முயன்றேன். "என்னாக்கா, நீ அழுத சத்தம் இன்னும் வந்து சேரலியா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். "வந்துக்கிட்டு இருக்குடா," என்றாள்.

ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, மூவரும் சாப்பிட்டுவிட்டு இருந்தோம். அம்மா தன் காலைத் தடவிக்கொண்டே அக்காவிடம் செல்லமாக, "நீ வர்றப்ப ஏழர மணி நேரம் நின்னேன்டி. எதிர்க்காத்தாமே?" என்றாள்.

"ஏழரையா? அஞ்சு மணி நேரந்தாம்மா," என்றாள் அக்கா. அவள் தானாக ஒரு விஷயம் பேசியதே அபூர்வம். "போறப்பவும் அஞ்சு, வர்றப்பவும் அஞ்சு. அங்க மணிக்கூடு பின்னாடி ஓடுது, அதான் தம்பி தப்பாக் கணக்குப் போட்டுட்டான். நான் போயி கொஞ்ச நாளு கழிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்தேன். அதிலேயே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். விரலை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள்.

"அப்ப நான் ஒக்காந்தப்ப இவ மேலதான் இருந்தாளா?"

"ஆமாம்மா." பிறகு அவசரமாகச் சொன்னேன், அந்த ஒரு மாதமாக நான் எனக்கே சொல்லி ஆறுதல் பட்டுக்கொண்ட கணக்கை: "ஆனா வர்றப்ப ரெண்டர மணி நேரம் கூட நின்னியே. அஞ்சும் அஞ்சும் பத்து. ரெண்டரையும் ஏழரையும் பத்து. சரியாப் போச்சும்மா."

"அது அவ ஏறுறதுக்கு முன்னாடிடா," என்றாள் அம்மா. கோபம் இல்லை. "தரையில நிக்கிறவளுக்காக நான் நின்னு என்னா?"

அந்தக் கூட்டலில் எந்தப் பிழையும் இல்லை, அம்மா சொன்னதிலும் இல்லை.

அம்மா காலைத் தடவுவதை நிறுத்தி, "அன்னைக்கி எத்தன மணிக்கு ஒக்காந்தேன்?" என்று கேட்டாள்.

"நாலு நாப்பது."

நாலு நாற்பதுக்கு அம்மா எழுந்தாள். வாசலைத் தாண்டிப் போய் முருங்கை மரத்தடியில் நின்றாள். அக்கா, "என்னாம்மா இது, நான்தான் எறங்கி வந்துட்டேனே, ஒக்காரு," என்றாள். அம்மா கேட்கவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். இந்த முறை என்னை உட்காரச் சொல்லவில்லை. மலையில் மூடுபனி இறங்கியது, லயத்தில் ஒவ்வொரு காம்பராவாக விளக்கு வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். இம்முறை கேலி செய்யாமல் உள்ளே போய்விட்டாள்.

ஏழு பத்துக்கு நான், "ஆச்சும்மா," என்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். அக்கா திறந்த கதவுக்கு உள்ளே, வாசல்படியைத் தொடாமல், யாராவது வா என்று சொல்லக் காத்து நின்றாள். மணிக்கூட்டுக் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"எறங்கிட்டாளாடா?" என்று அம்மா கேட்டாள்.

நான் வாசல்படிக்கு உள்ளே நின்ற அக்காவின் கால்களைப் பார்த்தேன். அம்மா உட்காரவில்லை.